துரைக்கு மீன் தண்ணீர்

பசுமலையில் மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகு சௌரிராஜனுக்கு எல்லாம் வசதியாகத்தான் இருந்தது. காற்றுக்குக் குறைவில்லை. கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு மாதிரி. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீடு அமைதியாகிவிடும். ஒன்று மட்டும்தான் அங்கே இல்லை: சாயப் பட்டறை வாடை. எண்ணெயையும் உமரிச் செடியை எரித்த சாம்பல் நீரையும் கலக்கி, அதில் நூல் கட்டுகளை நாள் கணக்கில் ஊறப்போட்டால் மூக்கைத் துளைக்கும் ஒரு சிக்கு நாற்றம் வருமே, அது. அவருடைய பழைய வீடு இருந்த பத்துத்தூண் சந்துப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அந்த நாற்றத்துக்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் மகள் சிரிப்பாள். அதனால் அவர் சொல்வதில்லை.

அந்த வாடைக்குப் பின்னால் அவர் ஒரு காரியத்தை இரண்டு வருஷம் ஒளித்து வைத்திருந்தார். இப்போது நினைத்தாலும் தனியாக உட்கார்ந்து சிரிப்பார். சிரிப்பு அடங்குகிற இடத்தில் மனைவி கனகலட்சுமியின் முகம் வந்து நிற்கும். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அது வெளிப்பட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம். முன்கட்டில் குடித்தனம், நடுக்கட்டில் நூல் அறை, பின்கட்டில் சாயப் பட்டறை என்று நீளமான வீடு. நெசவுக்குப் போக வேண்டிய பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்து நூல் அறையில்தான் அடுக்குவார்கள். கஞ்சி வாசனைக்கு எலி வரும். ஒரு இரவில் ஒரு எலி செய்கிற நாசத்தை ஒன்பது பேர் ஒரு வாரம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே பூனை.

அது தானாக வந்த பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, காதுகள் மட்டும் மஞ்சள். வந்த அன்றே அறை அறையாகப் போய்ப் பார்வையிட்டு, கடைசியில் சௌரிராஜனின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "கலெக்டர் துரை முகாம் வந்துட்டாரு" என்றாள் கனகலட்சுமி. துரை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

துரைக்கு அந்த வீட்டில் கிடைத்தது தயிர்ச்சோறு. வேறென்ன கிடைக்கும்? சௌராஷ்டிரக் குடும்பம். ஏகாதசியன்று அடுப்பே மூட்டாத வீடு. அதிலும் சௌரிராஜன் அந்தத் தெருப் பஜனை மடத்துக்குக் காரியதரிசி. முந்தின மார்கழியில்தான் கனகலட்சுமியின் தம்பி ஜனகராஜை, ரயிலடி மிலிட்டரி ஓட்டலில் முட்டைக் குழம்பு சாப்பிட்டான் என்று நாலுபேர் சாட்சி சொன்னதன் பேரில், நாற்பது நாள் தாளத்தைத் தொடக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தார். மைத்துனன் என்றும் பார்க்கவில்லை. அந்த நாற்பது நாளும் அவன் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிவிட்டுப் போனான்.

இதற்கெல்லாம் முன்பே துரை தயிர்ச்சோற்றில் சலித்துவிட்டது. வந்த மூன்றாவது மாதமே பின்சந்துப் பக்கம் நடமாட ஆரம்பித்தது. பட்டறையில் சாயம் காய்ச்சும் முத்திருளன் ஒரு நாள் சௌரிராஜனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"மொதலாளி, தயிர்ச்சோத்துக்குப் பூனை தங்குமா? இந்தச் சந்துல நாலு வீட்டுல மீன் கொதிக்குது. இன்னும் பத்து நாள்ல பாருங்க, எவன் வீட்டுக் கூரையிலயாவது குடும்பம் நடத்தும். நாலு நெத்திலிக் கருவாடு போடுங்க, வாசல விட்டு நகராது."

"வாய மூடு. காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"காதுல விழுந்தாத்தான? மூக்குல விழாது. இந்த நாத்தத்துல கருவாடு என்ன, கடலே வந்தாலும் தெரியாது."

சௌரிராஜன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு எலி பாவு நூலைக் கடித்தது. நான்காம் நாள் பட்டறையில் சாம்பல் நீர்ப் பானைக்குப் பின்னால் ஒரு தகர டப்பா வந்து உட்கார்ந்தது.

அதன் பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. தினமும் விளக்கு வைப்பதற்குச் சற்று முன், ஆட்கள் போன பிறகு, டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி. துரை உறுமிக்கொண்டே தின்னும். தின்று முடித்ததும் அதை நூல் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவார். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சந்தியாவந்தனத்துக்குப் போவார். காலையில் கதவைத் திறப்பார். நூல் அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது என்பது அவர் தகப்பனார் காலத்துச் சட்டம். கஞ்சி போட்ட பாவில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். இந்தச் சட்டத்தை ஒருநாளும் அவர் மீறியதில்லை.

எலி ஒழிந்தது. "துரைக்கு நம்ம வீட்டுச் சோறு எம்புட்டு ஒத்துக்கிச்சு பாருங்க" என்று கனகலட்சுமி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள். அவளுடைய தயிர்ச்சோற்றைத் துரை காலை பத்து மணிக்கு மரியாதைக்கு நாலு நக்கு நக்கிவிட்டுப் போகும்.

ஆடி மாதம் ஒரு காலையில் துரை கொல்லை மணல்மேட்டுக்குப் போயிற்று. குழி பறித்தது, உட்கார்ந்தது, ஒன்றும் வரவில்லை. எழுந்து இன்னொரு குழி பறித்தது. அன்று பொழுது சாய்வதற்குள் மணல்மேடு பல்லாங்குழிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. உட்காரும்போதெல்லாம் அடித்தொண்டையில் ஒரு சத்தம். அது பூனைச் சத்தமாகவே இல்லை. மறுநாள் காலை பாவுக் கட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. வயிறு தேங்காய் மாதிரி இருந்தது. கனகலட்சுமி தொட்டபோது கடிக்க வந்தது. ஒருநாளும் கடிக்காத பூனை. அவள் அழுதுவிட்டாள்.

ஜனகராஜ்தான் விளாங்குடிப் பேயாண்டியைக் கூட்டிவந்தான். பேயாண்டி மாட்டு வைத்தியர். வாரத்தில் இரண்டு நாள் வண்டிப்பேட்டையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வண்டிமாட்டுக்குக் கல்லடைப்பு வந்தால் தொட்டே தீர்த்துவிடுவார் என்று பெயர். ஆள் கறுத்து உயரமாக, வாசலில் குனிந்து நுழைந்தார்.

"காளைக்குப் பார்த்திருக்கேன், கெடாய்க்குப் பார்த்திருக்கேன். பூனைக்குப் பார்த்தேன்னு தெரிஞ்சா ஒரு பய மாட்ட ஓட்டிக்கிட்டு வரமாட்டான். பூனை பேரு துரைன்னு இந்தத் தம்பி சொல்லுச்சு, அதுக்காக வந்தேன். துரை வயித்த அமுக்கிப் பார்க்க நமக்கு வேற எப்பக் கெடைக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்தார். கோணிச் சாக்கைப் பூனையின்மேல் போர்த்தித் தலையை ஜனகராஜ் கையில் கொடுத்தார். வயிற்றில் இரண்டு விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"கல்லுதான். மூத்திரம் கட்டி நிக்குது. இன்னைக்குப் பொழுதுக்குள்ள எறங்கலைன்னா தாங்காது. என்னம்மா திங்குது?"

"தயிர்ச்சோறுண்ணே" என்றாள் கனகலட்சுமி. "காலையில பால். எங்க வீட்டுல வேற எதுவும் அது வாயில வச்சதில்ல."

"உப்பு?"

"சோத்துல போடுறதுதான். ஒரு கல்லு, ரெண்டு கல்லு."

பேயாண்டி தலையை ஆட்டினார். "வெறும் தயிர்ச்சோறு திங்கிற உடம்புன்னா ஒரு வழி இருக்கு. உப்புத்தண்ணி. நல்லாக் கரிக்கக் கரைச்சு வாயில ஊத்துனா, தாகமெடுத்துத் தண்ணியாக் குடிக்கும், தள்ளிக்கிட்டு வந்துரும். பாலாடை இருக்கா?"

கனகலட்சுமி உள்ளே ஓடி, மகளுக்குக் குழந்தையில் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்தாள். முத்திருளன் உப்பைக் கரைத்தான். கரைக்கும்போது ஒரு முறை சௌரிராஜனை நிமிர்ந்து பார்த்தான்.

சௌரிராஜன் தூணோரம் நின்றிருந்தார். பேயாண்டி பாலாடையில் உப்புத்தண்ணீரை மொண்டு, பூனையின் கடைவாயைத் திறக்கும்போது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல ஒன்று சொன்னார்: "இதுவே உப்புக் கருவாடு தின்னு வந்த அடைப்புன்னா இந்தத் தண்ணி வெஷம். நல்லவேளை, சைவ வீடு."

"நிறுத்துங்க" என்றார் சௌரிராஜன்.

பாலாடை நின்றது.

"கருவாடு" என்றார். "நெத்திலிக் கருவாடு. தினம் ஒரு கைப்பிடி. ரெண்டு வருஷமா."

கனகலட்சுமி முத்திருளனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் கருவாடு என்ற சொல்லுக்கு அவள் கண் வேறெங்கே போகும்? முத்திருளன் தரையைப் பார்த்தான். "நான்தாம்மா, தெரியாத்தனமா..." என்று ஆரம்பித்தான்.

"அவன் இல்ல" என்றார் சௌரிராஜன். "வாங்கியாரச் சொன்னது நான். போட்டது என் கை."

ஜனகராஜ், பூனைத் தலையைப் பிடித்தபடியே, பவ்வியமாகக் கேட்டான்.

"அத்தான், முட்டைக்கு நாப்பது நாள். கருவாட்டுக்கு எம்புட்டு நாள்னு மடத்துச் சட்டத்துல இருக்கா?"

பேயாண்டி உப்புத்தண்ணீரைக் கொல்லையில் வீசிக் கொட்டினார். "அத அப்புறம் பேசிக்கங்க. கருவாடு திங்குறதுக்குத் தண்ணி எங்க வைக்கிறீக?"

சௌரிராஜன் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. பட்டறையில் இருப்பதெல்லாம் சாம்பல் நீரும் சாயத் தண்ணீரும். நூல் அறையில் சட்டம். "காலையில கதவத் தொறந்தப்புறம் முன்கட்டுல குடிக்கும்" என்றார்.

"ஆக, உப்பு மீன வயிறு முட்டத் திங்க வச்சு, சொட்டுத் தண்ணி இல்லாம விடியவிடியப் பூட்டி வச்சிருக்கீக. தெனமும். எங்க பக்கம் ஆகாதவனக்கூட இப்பிடிப் பண்ணமாட்டோம்."

அவர் அதிகம் பேசவில்லை. வெந்நீரில் துணியைப் பிழிந்து வயிற்றுக்கு ஒத்தடம் கொடுத்தார். விளக்கெண்ணெயை விரல் நுனியில் தொட்டு, மூத்திரம் வருகிற இடத்தைப் பூத்தொடுக்கிறவளின் விரல்போல மெல்ல உருட்டினார். மாட்டைப் புரட்டிப்போடுகிற கை அது. வெகுநேரம் உருட்டினார். கனகலட்சுமி மீனாட்சி அம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள். முதலில் ரவை மாதிரி ஏதோ விரலில் ஒட்டியது. பிறகு ஒரு சொட்டு. அப்புறம் சிவப்புக் கலந்து ஒரே பீச்சாகப் பேயாண்டியின் வேட்டியெல்லாம் நனைந்தது.

"துரை வரி கட்டிட்டாரு!" என்று பேயாண்டி கூவினார். முத்திருளன் கையைத் தட்டினான். கனகலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள்.

போகும்போது பேயாண்டி பத்தியம் சொன்னார். "கருவாட்டு வாடையே இனி ஆகாது. அதுக்காகத் தயிர்ச்சோத்துல நிறுத்தாதீக, அது மாமிசம் திங்கப் பொறந்த உசுரு. பச்சை மீனு வேணும், கம்மாய்க் கெண்டை போதும். உப்பே போடாம, மீன் ஒரு பங்குன்னா தண்ணி நாலு பங்கு. வேகவச்சு முள்ளெடுத்து மசிச்சு, அந்தத் தண்ணியோட வைங்க. தின்னதுன்னு இருக்கக் கூடாது, குடிச்சதுன்னு இருக்கணும். நாலு எடத்துல தண்ணிச் சட்டி வைங்க. நெருஞ்சி முள்ளுக் கசாயம் வாரத்துல ரெண்டு தடவ. இது திரும்பத் திரும்ப வர்ற ஒடம்பு. ஒரு நா தவறுனா மொனகும். மூணு நா தவறுனா என்னத் தேடி வராதீக, குழி வெட்டுங்க."

நூல் அறைச் சட்டம் அன்றைக்கே ஒழிந்தது. அகலமான மண் தொட்டியில் மணலைப் பரப்பி, சிந்தினாலும் பாவில் படாதபடி நடுவில் தண்ணீர்ச் சட்டி வைத்தார் சௌரிராஜன். பஜனை மடத்தில் தானே எழுந்து விஷயத்தைச் சொல்லி, தனக்கு எண்பது நாள் என்று தானே விதித்துக்கொண்டு செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தாளம் ஜனகராஜ் கைக்குப் போயிற்று. அவன் வேண்டுமென்றே ஒவ்வொரு பாட்டையும் நீட்டி முழக்கினான்.

அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கனகலட்சுமி கொடுத்த தண்டனைதான் பெரிது. அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். ஆனால் வீட்டுக்குள் அவர்கள் பேசுகிற சௌராஷ்டிரத்தை விட்டுவிட்டு, அவரிடம் தமிழில் மட்டும் பேச ஆரம்பித்தாள். "சாப்பிட வாங்க." "எண்ணெய் தீர்ந்து போச்சுங்க." தயிர்க்காரியிடம் பேசுகிற அதே தமிழ். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் அவர் தமிழில் பேசியதே இல்லை. இப்போது பதிலும் தமிழிலேயே சொல்ல வேண்டியிருந்தது. தன் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பதுபோல் இருந்தது.

துரையின் சாப்பாடு முத்திருளனின் மனைவி அன்னக்கொடியின் பொறுப்பு. அவள் வீட்டில் காய்ச்சி, தினமும் ஒரு கலயத்தில் மீன் தண்ணீரைக் கொல்லை வாசலில் கொண்டுவந்து ஊற்றுவாள். துரை குடித்து முடிக்கும்வரை நின்று கனகலட்சுமியோடு பேசிவிட்டுப் போவாள். இரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் நடந்தது. துரையின் மேனி பழையபடி மினுமினுத்தது.

புரட்டாசியில் அன்னக்கொடியின் தாயாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கொட்டாம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிப் போனார்கள். அன்றைக்குத் துரை பசித்துப்போய், வேறு வழியில்லாமல் தயிர்ச்சோற்றைத் தின்றது. மறுநாளும் அவர்கள் வரவில்லை. மதியத்துக்கு முன்பே துரை மணல்மேட்டுக்குப் போயிற்று. குழி பறித்தது. உட்கார்ந்தது. எழுந்தது. இன்னொரு குழி பறித்தது.

சௌரிராஜன் சட்டையைக்கூட மாட்டாமல் ஜனகராஜ் வீட்டுக்கு ஓடினார். "மாப்ள, கெண்டை வேணும்."

"எனக்குப் பழகுன வேலைதான், கொண்டாரேன் அத்தான்" என்றான் அவன். அரை மணியில் தாமரை இலையில் பொதிந்து நாலு மீன் வந்தது. பொட்டலத்தைக் கொல்லைப் படியில் வைத்துவிட்டு, "சமையல் மட்டும் எனக்குத் தெரியாது, ஓட்டல்ல வெந்ததத்தான் தருவான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சௌரிராஜனுக்கும் தெரியாது. ஆயினும் பட்டறைக்குப் போனார். சாயக் கொப்பரையை இறக்கினார். அடுப்பை ஊதினார். புகை வந்ததே தவிரத் தீ வரவில்லை. மீனை எடுத்தால் கையை விட்டு வழுக்கி உமிக்குவியலில் விழுந்தது. அதைப் பொறுக்கினார், மறுபடி வழுக்கியது. கண்ணில் புகையும் கையில் செதிலுமாக அவர் நிற்க, பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

கனகலட்சுமி பட்டறை வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "தள்ளுங்க" என்றாள்.

அவள் அடுப்பில் இரண்டு சுள்ளியை மாற்றி வைத்தாள், தீ பிடித்துக்கொண்டது. மீனைத் துவைகல்லில் போட்டுச் சாம்பலைத் தூவித் தேய்த்தாள். செதில் உதிர்ந்தது. செவுளைக் கிள்ளி எறிந்தாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் செய்தாள். கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது. ஆனால் கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. இவ்வளவையும் எங்கே கற்றாள் என்று சௌரிராஜன் திகைத்தார். அன்னக்கொடியிடம் தினமும் கொல்லை வாசலில் என்ன பேசினாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

புதுச் சட்டியில் மீனைப் போட்டு, நாலு பங்கு தண்ணீரை நிதானமாக அளந்து ஊற்றினாள். கொதி வந்ததும் கிளறிவிட்டுக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்.

"உப்புப் போடக் கூடாதுதானே?"

சௌராஷ்டிரத்தில் கேட்டாள். கேட்டது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ.

"கூடாது" என்றார் அவரும் சௌராஷ்டிரத்தில். அதற்குமேல் பேசப் பயந்து, விறகைத் தள்ளிவிட்டார்.

முள்ளை எடுத்து மசித்து, ஆறவைத்துத் துரையின் முன்னால் வைத்தாள். துரை முகர்ந்தது, திரும்பிக்கொண்டது. "குடிடா" என்று அதட்டினாள். அது அசையவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து, விரலை அந்த மீன் தண்ணீரில் தோய்த்துப் பூனையின் வாயருகே நீட்டினாள். துரை விரலை நக்கியது. மறுபடி தோய்த்தாள். மறுபடி நக்கியது. அப்படியே விரலைச் சட்டிக்குள் இறக்கிக்கொண்டு போனாள், நாக்கும் பின்னாலேயே போயிற்று. சட்டி பாதி காலியாயிற்று.

பிறகு காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்து கொல்லைச் சுவரின் நிழல் மணல்மேட்டைத் தொட்டது. துரை எழுந்து போய்க் குழி பறித்தது. இருவரும் அதைப் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். மணலில் முதலில் சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது, பிறகு ஒரே சீராக நீண்டது.

சௌரிராஜனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தார்.

"சிரிச்சது போதும்" என்றாள் கனகலட்சுமி, தங்கள் மொழியிலேயே. "மேலெல்லாம் நாறுது. தலை முழுகணும். கிணத்துல தண்ணி இறைங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராட்டினத்தில் கயிற்றை விட்டார். அவள் துவைகல்லில் உட்கார்ந்து சீயக்காயைக் குழைத்துக்கொண்டே, "இன்னும்", "இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை வாளி என்று அவர் எண்ணவில்லை. உள்ளங்கை கன்றிப்போயிற்று. அவள் போதும் என்று சொல்லிவிடக் கூடாதே என்றுதான் நினைத்துக்கொண்டு இறைத்தார்.